வலிப்பைப் பார்த்தது யார்?

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். ரத்தசோகையை ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும். வலிப்பு அப்படிச் சிக்குவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வந்து முடிந்துவிடும். மருத்துவர் முன்னால் வந்து உட்காரும்போது குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். தட்டிப் பார்த்தாலும் தொட்டுப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. நடந்ததைக் கண்ணால் கண்டவர் அம்மாவாகவோ பாட்டியாகவோ வகுப்பு டீச்சராகவோ இருப்பார். அதனால்தான் அனுபவமுள்ள குழந்தை நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரிப்பதற்கு முன்பே, “பக்கத்தில் இருந்து பார்த்தது யார்?” என்று கேட்கிறார்.

“கண்ணு மேல சொருகிடுச்சு டாக்டர்”, “வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு”, “கூப்பிட்டேன், மரம் மாதிரி நின்னான்.” இந்த மூன்று வாக்கியங்களும் மூன்று வெவ்வேறு நோய்களைச் சுட்டக்கூடும். குழந்தைகளின் நரம்பியல் கோளாறுகளில் அடிக்கடி காணப்படுவதும் குடும்பத்தை அதிகம் கலங்கடிப்பதும் வலிப்புதான். அதைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை வீட்டில் இருப்பவர்களின் கண் செய்கிறது. அந்தக் கண்ணுக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருப்பதே சிகிச்சையின் முதல் படி.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

வலிப்பு தெய்வக் குற்றத்தால் வருவது என்ற நம்பிக்கை பழைய கிரேக்கத்திலும் இருந்தது. கி.மு. 400 வாக்கில், ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று அதை மறுத்து, நோய் மூளையில் பிறக்கிறது என்று வாதிட்டது. அதைக் கருவியால் காட்ட இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். 1929இல் அதை வெளியிட்டார். இன்று நாம் ‘ஈஈஜி’ என்று சொல்லும் பரிசோதனை அங்கிருந்துதான் வந்தது.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு பேச்சாக ஓடிக்கொண்டிருப்பதுபோல அவை வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கூட்டாளிகளோடு செய்தி பரிமாறுகின்றன. திடீரென்று கெட்டிமேளம் முழங்கினால் எந்தப் பேச்சும் காதில் விழாது. வலிப்பின்போது அதுதான் நிகழ்கிறது: லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே கதியில் மின்துடிப்பை வெளியிடுகின்றன. மூளையின் ஒரு மூலையோடு அது நின்றால் ஒரு கை துடிக்கும், வாய் கோணும். இரு பாதிகளும் சேர்ந்துகொண்டால் நினைவு தப்பி உடல் முழுவதும் இழுக்கும்.

நரம்பணுக்களைத் தூண்டும் ரசாயனங்களும் அடக்கும் ரசாயனங்களும் நம் எல்லோருடைய மூளையிலும் உண்டு. குழந்தை மூளையில் தூண்டும் பக்கம் முந்திக்கொண்டு வளர்கிறது. அடக்கும் பக்கம் முதிரச் சில ஆண்டுகள் பிடிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வலிப்பு எளிதாக வருவதும், பல வகை வலிப்புகள் வயது ஏறும்போது தானாக விட்டுப்போவதும் இதனால்தான்.

காய்ச்சலோடு வருவது

முதல்முறை பார்க்கும் பெற்றோர் பெரும்பாலோர், பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். உடம்பு விறைக்கிறது, கண் சொருகுகிறது, உதடு நீலம் பாய்கிறது, கைகால்கள் வெட்டுகின்றன. கிராமத்தில் ‘ஜன்னி’ என்று சொல்லப்பட்டவற்றில் கணிசமானவை இந்தக் காய்ச்சல் வலிப்பாகவே இருந்திருக்கும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைதான் இதன் காலம். ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மிக அதிகம். நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு ஒருமுறையாவது வருகிறது. அப்பா அம்மாவுக்கோ அண்ணன் அக்காவுக்கோ சிறுவயதில் வந்திருந்தால் வாய்ப்பு கூடும். உடல் முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராமல் இருந்தால் அது ‘எளிய’ வகை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்ப வந்தாலோ ‘சிக்கலான’ வகை. மருத்துவர் கேட்கும் கேள்விகள் இந்தக் கோட்டைப் போடுவதற்காகத்தான்.

எளிய வகை மூளையைக் கெடுப்பதில்லை, படிப்பைப் பாதிப்பதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு அடுத்த காய்ச்சல்களில் மறுபடி வரலாம். பின்னாளில் நிரந்தர வலிப்பு நோயாக மாறும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நன்றாகத் தேறிவிட்ட குழந்தைக்கு, எளிய வகை வலிப்பு ஒருமுறை வந்தது என்பதற்காக ஈஈஜியோ ஸ்கேனோ தேவையில்லை.

பாராசிட்டமால் கொடுப்பது குழந்தையின் உடல்வலியைத் தணிக்கத்தான். வேளை தவறாமல் கொடுத்தால் வலிப்பு வராது என்று நம்பிவிட முடியாது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவருகிறது. எனவே, “நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தா வந்திருக்காதே” என்று தாயைக் குற்றம் சாட்டும் உறவினர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம். நடுக்கம்தான் மிஞ்சும்.

காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வரும்போது மருத்துவர் விலக்கிப் பார்க்கவேண்டிய பெரிய ஆபத்து மூளைக்காய்ச்சல். வலிப்பு நின்று ஒரு மணி நேரமாகியும் குழந்தை தெளியாமல் கிடப்பது, ஓயாத வாந்தி, உச்சிக்குழி புடைத்திருப்பது, கழுத்து விறைப்பு, தோலில் ரத்தப் புள்ளிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு தெரியாமலும் போகலாம். அதனால் சிறு குழந்தைக்கு முதல் காய்ச்சல் வலிப்பு வந்தால், நின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டிவிடவேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்றும் நம் தெருக்களில் நடக்கிறது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடிக் கொண்டுவருவதற்குள் நேரம் முடிந்துவிடுவதால் இரும்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இரும்பாலாவது பெரிய தீங்கு இல்லை. பற்களுக்கு இடையே கரண்டியோ விரலோ விடுவது தீங்கு. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். விட்டவரின் விரலும் கடிபடும். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது வெறும் பயம். அப்படி நடக்க வழியில்லை. வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். கைகால்களை அமுக்கிப் பிடிப்பதால் வலிப்பு நிற்காது.

செய்யவேண்டியவை சில. குழந்தையைச் சமதரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். இடித்துக்கொள்ளும் பொருட்களை அப்புறப்படுத்துங்கள். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும்; மருத்துவருக்கோ உண்மையான நேரம் வேண்டும். இன்னொருவர் அருகில் இருந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். முகம், கண், இரு கைகளும் தெரியும்படி எடுத்த அரை நிமிட வீடியோ சில சமயம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. அரைமணி நேரம் நீடித்தால் மூளை அணுக்களே சேதப்படலாம். ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் 108 வந்துகொண்டிருக்கவேண்டும். முதல்முறை வலிப்பு என்றாலோ, மூச்சு சரியாக இல்லை என்றாலோ ஐந்து நிமிடம் காத்திருக்கவே வேண்டாம். ஏற்கெனவே வலிப்பு வந்த குழந்தைகளின் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதிக்கொடுப்பதுண்டு. எடைக்கு எத்தனை முறை அடிக்கவேண்டும் என்பதை மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் கணக்குப் போட யாராலும் முடியாது.

பத்து விநாடி இல்லாமல் போவது

எல்லா வலிப்பும் இழுப்பதில்லை. நான்கு வயது முதல் பத்து வயதுக்குள் வரும் ஒரு வகையில் குழந்தை பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடும். கண் வெறித்திருக்கும், இமை லேசாகத் துடிக்கலாம். பத்து விநாடி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். கீழே விழாது. தனக்கு என்ன ஆயிற்று என்று அதற்கே தெரியாது. இது ஒரு நாளில் பலமுறை, சில குழந்தைகளுக்கு நூறு முறைகூட நிகழலாம். டிக்டேஷன் எழுதும்போது சொற்கள் விடுபட்டுப்போகும். ‘கவனம் போதாது’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதப்படும், அடியும் கிடைக்கும்.

கனவு காண்கிற பிள்ளையையும் இந்தப் பிள்ளையையும் எப்படிப் பிரித்தறிவது? சலிப்பூட்டும் பாடத்தில்தான் கவனம் சிதறும். தோளைத் தொட்டால் திரும்பும். இந்த வலிப்போ சோறு தின்னும்போதும் விளையாடும்போதும் வரும்; தொட்டாலும் அழைத்தாலும் பலன் இருக்காது. மருத்துவர் தம் அறையிலேயே குழந்தையை இரண்டு மூன்று நிமிடம் ஆழமாக, வேகமாக மூச்சுவிடச் சொல்வார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அவர் கண்ணெதிரே அது வந்துவிடும். மருத்துவரே சாட்சியாகிவிடும் அபூர்வமான வலிப்பு இது. ஈஈஜியில் விநாடிக்கு மூன்று வீதம் கூர்முனை அலைகள் சீராக ஓடும். 1935இல் அமெரிக்காவின் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் இந்த அலைகளை விவரித்தார்கள். மூளையின் நடுவில் உள்ள தலாமஸுக்கும் மேற்பரப்புக்கும் இடையே ஓடும் சுற்றில் இந்தத் தாளம் உருவாகிறது.

மருந்துத் தேர்வில் நல்ல ஆதாரம் உள்ள இடமும் இதுதான். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 453 குழந்தைகளுக்கு மூன்று மருந்துகளில் ஏதேனும் ஒன்று கொடுக்கப்பட்டது. எத்தோசக்சிமைட் 53 சதவீதத்தினருக்கும், வால்புரோயேட் 58 சதவீதத்தினருக்கும், லாமோட்ரிஜின் 29 சதவீதத்தினருக்கும் பலன் கொடுத்தது. முதல் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வால்புரோயேட் எடுத்த பிள்ளைகளிடம் கவனக்குறைவு அதிகம் காணப்பட்டது. எனவே எத்தோசக்சிமைட் முதலிடம் பெற்றது. வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாக வேலைசெய்யும் கார்பமசெபைன் இந்த வகையை மோசமாக்கக்கூடும். ‘வலிப்பு மாத்திரை’ என்று பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கும்பிடு போடும் குழந்தை

1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் ‘லான்செட்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். கைக்குழந்தையாக இருந்த அவன் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தான், நாளாக ஆக உடம்பே மடங்கியது, அடுத்தடுத்துப் பலமுறை நிகழ்ந்தது, வளர்ச்சியும் நின்றுபோனது. அக்கால வழக்கப்படி அட்டை விட்டார்கள், அபின் கொடுத்தார்கள். எதுவும் பலிக்காத நிலையில், சக மருத்துவர்கள் யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டே அவர் எழுதினார். நோய்க்கு இன்று அவர் பெயர்தான்.

மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள் இது தொடங்கும். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழும், கைகள் விரியும், முழங்கால் மடங்கும். ஒவ்வொன்றும் ஓரிரு விநாடிதான். பத்து இருபது முறை வரிசையாக வரும். இடையில் குழந்தை அழுவதால் வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். ‘உரம் விழுந்திருக்கு’ என்று உரம் எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். சாதாரணமாகத் திடுக்கிடும் குழந்தை சத்தம் கேட்டோ ஆட்டினாலோ திடுக்கிடும்; அது இப்படி வரிசை கட்டி வராது. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்தியது, முகம் பார்த்தது பார்க்காமலானது என்றால் சந்தேகம் உறுதிப்படும். தோலில் வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்; டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோயின் தடயமாக அவை இருக்கலாம்.

வெஸ்டின் மகனுக்குக் கிடைக்காத சிகிச்சை 1958இல் வந்தது: ஏசிடிஹெச் என்னும் ஹார்மோன் ஊசி. பிறகு அதிக அளவு பிரெட்னிசலோனும் விகாபாட்ரினும் சேர்ந்தன. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, குழந்தையின் பிற்கால வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது. மாதங்களில் இல்லை, நாட்களில் கணக்கிடவேண்டிய அவசரம். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள்: கைக்குழந்தை வரிசையாகக் கும்பிடு போட்டால் அன்றைக்கே படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலூரில் தெளிந்த குழப்பம்

பள்ளி வயதில், அதுவரை எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்கு ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ இழுத்தால் நம் நாட்டில் ஸ்கேன் அவசியம். அதில் சிறு வளையம்போல ஒரு புள்ளி தெரிவதுண்டு. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் இதைக் காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கும் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இந்தப் புள்ளிகளிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் கூட்டுப்புழுக்கள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளியான அவர்களுடைய ஆய்வுகள், தலையைத் திறக்காமலே இரண்டையும் பிரித்தறிய அளவுகோல் வகுத்தன: புள்ளி 20 மில்லிமீட்டருக்குக் குறைவா, மூளையழுத்தம் கூடியிருக்கிறதா, நரம்புக் குறைபாடு வளர்கிறதா என்பன போன்றவை.

“நாங்க சைவம் டாக்டர், பன்றிக்கறி பக்கமே போனதில்லையே” என்று குடும்பம் திகைக்கும். கறியை அரைவேக்காட்டில் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியேறி, கழுவாத கை வழியாகவும் பச்சைக் காய்கறி வழியாகவும் யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். மூளையில் உள்ள கூட்டுப்புழு உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் தொந்தரவு தராது. அது சாகும்போது சுற்றிலும் வீக்கம் வரும். வலிப்பு அப்போதுதான் தொடங்கும். ஒற்றைப் புள்ளி பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் மறைந்துவிடுகிறது. கழிப்பறையும் சோப்பும் வலிப்புத் தடுப்பு மருந்துகள் என்று சொன்னால் மிகையில்லை.

முகத்தின் ஒரு பக்கம் இழுப்பதெல்லாம் புழு அல்ல. ஏழு எட்டு வயதில், தூக்கத்தில் அல்லது விடியற்காலையில் வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்து, நினைவிருந்தும் பேசமுடியாமல் தவிக்கும் ஒரு வகை இருக்கிறது. அது பதினாறு வயதுக்குள் தானாக விட்டுப்போகும். எப்போதாவது வந்தால் மருந்துகூட வேண்டியதில்லை.

வலிப்பு போலத் தோன்றுவன

பொம்மையைப் பிடுங்கினால் வீறிட்டு அழுது, மூச்சை இழுத்துப் பிடித்து, நீலம் பாய்ந்து துவண்டுபோகும் குழந்தைக்கு இருப்பது வலிப்பு அல்ல. ஒவ்வொரு முறையும் அழுகையோ அடியோ அதற்கு முந்தி வந்திருக்கும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை வரும் இந்த மூச்சடக்கத்துக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் பல குழந்தைகளுக்குக் குறைகிறது. காலைப் பிரேயரில் வெயிலில் நின்று, கண் இருட்டி, வெளுத்து விழும் மாணவிக்கு இரண்டு மூன்று வெட்டு வெட்டினாலும் அது மயக்கமே. படுத்ததும் தெளிந்துவிடுவாள். ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர்ச் சத்தம் கேட்டோ விழும் பிள்ளையின் கதை வேறு. அங்கே முதலில் எடுக்கவேண்டியது ஈசிஜி. கோளாறு இதயத்தில் இருக்கலாம்.

இங்கெல்லாம் ஈஈஜி தீர்ப்பு சொல்லிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது எடுக்கும் அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் வலிப்பு நோயாளிக்கும் ‘நார்மல்’ என்று வரும். வலிப்பே வராத சில குழந்தைகளுக்கும் கூர்முனை அலை தெரியும். விழுவதற்கு முன் என்ன நடந்தது, நிறம் எப்படி மாறியது, தெளிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற விவரம்தான் முடிவு செய்கிறது.

மருந்து, வீடு, பள்ளி

காரணம் தெரியாமல் ஒரே ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடி வருவதில்லை. ஆகவே முதல் வலிப்புக்கே தினசரி மாத்திரை தொடங்குவது வழக்கமல்ல. தொடங்கிய பிறகு பத்தில் ஏழு பேருக்கு மருந்தாலேயே வலிப்பு அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையும், 1921 முதல் வழக்கத்தில் உள்ள கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவும் உதவும். அந்த உணவை மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே தொடங்கவேண்டும்.

அடங்கிய வலிப்பு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் மருந்து விட்டுப்போவது. ஊருக்குப் போகும்போது பாட்டில் மறந்துபோகிறது. வாந்தி எடுத்த வேளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘ஒரு வருஷமா வரலையே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாக வந்துவிடும். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பு இல்லாமல் இருந்தபிறகே, மருத்துவர் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருவார். வால்புரோயேட் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது என்பதால், பெண் குழந்தைகளுக்கு அதை எழுதும்போதே பருவ வயதைப் பற்றிப் பேசிவிடவேண்டும்.

தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கிணற்றடி, குளம், அடுப்பு, மொட்டை மாடி ஆகிய இடங்களில் தனியே விடக் கூடாது. குளியலறையை உள்ளே தாழிட வேண்டாம். இவற்றைத் தவிர ஓடவும் விளையாடவும் சுற்றுலா போகவும் தடையில்லை. பள்ளியில் மறைத்தால் முதலுதவி தெரியாத டீச்சரிடம் பிள்ளையை விடுகிறோம் என்று பொருள். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. வருகிற மருத்துவக் குழுவிடம் சொல்லலாம்.

“நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?” என்பதுதான் பெண் குழந்தையின் பெற்றோர் கடைசியில் தயங்கிக் கேட்பது. இந்து திருமணச் சட்டம்கூட ஒரு காலத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எண்ணியது. 1999இல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. ஒளிக்கத் தேவையில்லாத நோயை ஒளிக்கும்போது சிகிச்சைக்கு முதலில் வேண்டிய விவரமும் சேர்ந்து ஒளிந்துவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், அன்று மாத்திரை போட்டானா. மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்.